உள்ளங்காலுக்குத் தெரியாது

பழனி, அடிவாரம்
10 நவம்பர் 2024

தம்பி பாண்டிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு மையை வீணாக்கப் போவதில்லை. உன் வீட்டுக்காரி புவனா தினமும் போனில் சொல்லிவிடுகிறாள்.

இனி என் குரல் உன் காதில் விழாது என்று வாசலில் நின்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால்தான் கடிதம். தபாலாபீஸ் படி ஏறி எத்தனையோ வருஷம் ஆகிறது. கவர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த கையோடு உன்னை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எட்டு ஊசியும் முடிகிறவரை கீழே இருக்கட்டும், இந்த மருந்துக்கும் மலைக் குளிருக்கும் ஒத்துவராது என்று டாக்டரே சொன்னார். நீ முதல் ஊசி முடிந்ததுமே மூட்டையைக் கட்டினாய். கட்டியதுகூடப் பரவாயில்லை. உன் மாமா காதுபட, "அக்கா வீட்டு ரூம்புல கெடந்து சாகுறதுக்கு நான் வரல" என்றாயே. அந்த மனுஷன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார், அது வேறு.

இங்கே எவர்சில்வர் குடத்தைத் தொட்டுவிட்டு நீ கையை உதறியதை நான் பார்த்தேன். பழனி வெயிலிலேயே அப்படி என்றால் மலைமேல் பள்ளங்கியில் என்ன பாடு படுவாய்? வெரசாக் கிளம்பி வா. ரோஷத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்.

முருகேஸ்வரி


பள்ளங்கி
24 நவம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, யார் மேல் கேஸ் என்று தபால்காரர் கேட்டார். எங்கள் அக்கா என் மேல் போட்டிருக்கிறாள் என்றேன்.

மாமாவிடம் நான் சொன்னது தப்புத்தான். ஆனால் திரும்பி வரமாட்டேன். உன் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் கட்டில் காலருகே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், அதுதான் பொறுக்கவில்லை. அங்கே நான் நோயாளி. இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்தால் செல்லப்பாண்டி.

குளிரைப் பற்றிக் கேட்டாய். ஃபிரிட்ஜைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். இங்கே ஊரே ஃபிரிட்ஜ்தான். காலையில் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் முழங்கை வரை கரண்ட் அடிக்கிறது. மறந்துபோய்ப் பச்சைத் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தேன். தொண்டை அடைத்து, மூச்சே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. புவனா முதுகில் அறைந்த அறைக்கு நோயே தேவலை. இப்போது எல்லாம் வெந்நீர்தான். முகம் கழுவ, வாய் கொப்பளிக்க, எல்லாவற்றுக்கும் அவள் காய்ச்சிக் கொடுக்கிறாள்.

ஊசி போட்ட வாரம்தான் அப்படி. அதற்குப் பிறகு அடங்கிவிடுகிறது. அந்த வாரம் என்னோடு வருகிற பழனிக்குமார் லோடு வண்டியை ஓட்டுகிறான், மற்ற நாளில் நான். நான் செருப்போடு வண்டி ஓட்டியவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு பழனி ரோட்டில் இறங்கும்போது பிரேக் எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை உள்ளங்கால்தான் சொல்லும். இப்போது பெடல் பனியாக இருப்பதால் பழைய கம்பளித் துணியைச் சுற்றிவைத்திருக்கிறேன். அதைக் கண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில், வண்டிக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

கவலைப்படாதே. கடைசி ஊசி முடிந்ததும் கம்பளியைக் கழற்றி எறிந்துவிடுவேன்.

பாண்டி


பழனி
8 டிசம்பர் 2024

பாண்டிக்கு,

பழனிக்குமாரிடம் கம்பளிக் கையுறையும் நாலு ஜோடி சாக்ஸும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கொடுத்துவிட்டேன். உன் மாமாதான் வாங்கி வந்தார். அவருக்கு ரோஷம் கிடையாது, அதனால் நன்றாக இருக்கிறார்.

அவனிடம் கேட்டேன், என் தம்பி எப்படி ஓட்டுகிறான் என்று. "நல்லாத்தான் ஓட்டுறாருக்கா" என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். நான் கடையில் உட்கார்ந்து தேங்காய் விற்கிறவள். எந்தக் காய் அழுகல் என்று தட்டிப் பார்த்தால் தெரியும். என்ன நடக்கிறது என்று எழுது.

முருகேஸ்வரி


பள்ளங்கி
19 ஜனவரி 2025

அக்கா,

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். புவனாவுக்குப் பாதிதான் தெரியும்.

முன்பு ஒரு வாரத்தில் அடங்கியது இப்போது அடங்குவதில்லை. கரண்ட் அடிப்பது குறைந்துவிட்டது, அதற்குப் பதிலாக மரத்துப்போகிறது. காலில் சாக்ஸ் போடாதபோதும் தடித்த சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது. கையில் விரல் நுனி எல்லாம் என்னுடையவை இல்லை. நேற்று மூஞ்சிக்கல் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்குப் போய் வந்தேன். "அண்ணே, ஒத்தச் செருப்போட எங்க போறீங்க?" என்றார் டீக்கடைக்காரர். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. வந்த வழியெல்லாம் தேடினேன். மருந்துக்கடைப் படியிலேயே கிடந்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

இன்றோடு வண்டியை முழுசாகப் பழனிக்குமாரிடம் கொடுத்துவிட்டேன். கிளச்சில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வளைவில் குனிந்து பார்க்கிறவன் ரோட்டை எப்போது பார்ப்பது?

மதுரையில் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரம்யா என்ற நர்ஸ் கேட்கும்: "பட்டன் போட முடியுதாண்ணே? செருப்பு கழண்டா தெரியுதா?" எல்லாம் முடியுது, எல்லாம் தெரியுது என்று சொல்லிவிடுவேன். பட்டன் வைத்த சட்டையே போட்டுப் போவதில்லை. பக்கத்துக் கட்டில் தேனிக்காரர்தான் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். "மரத்துப்போச்சுன்னு வாயத் தொறந்துறாதீங்க. மருந்தக் கொறச்சுருவாங்க. எங்க மச்சினன் அப்படித்தான் போனான்" என்றார்.

ஐந்து முடிந்துவிட்டது, அக்கா. மூன்றுதான் மிச்சம். நோயை முழுசாக விரட்டிவிட்டால் காலுக்கு உணர்ச்சி தானாக வந்துவிடும். வராமல் எங்கே போகும்? நீ யாரிடமும் சொல்லாதே. ஆஸ்பத்திரிக்குப் போன் போடாதே. போட்டால் எனக்கு அக்காவே கிடையாது.

பாண்டி


பழனி
30 ஜனவரி 2025

பாண்டிக்கு,

நீ படித்தவன் இல்லை, சரி. புத்தியுமா இல்லை? கேட்கிற நர்ஸ் என்ன பொழுதுபோகாமலா கேட்கிறது? உன் காலைக் காப்பாற்றத்தானே கேட்கிறது? தேனிக்காரர் எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தார்? அடுத்த ஊசிக்குப் போகும்போது உள்ளதைச் சொல். இல்லையென்றால் நான் சொல்வேன்.

மேலே இருப்பதை எழுதி நாலு நாள் ஆயிற்று. தபாலில் போடவில்லை. ஆஸ்பத்திரி நம்பரைப் புவனாவிடம் வாங்கினேன். இரண்டு தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நான் சொல்லி, அவர்கள் மருந்தை நிறுத்தி, அதனால் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பேன்? எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது பாண்டி. கால் போனாலும் ஆள் இருந்தால் போதும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. கால் போனால் நீ ஆளாகவே இருக்கமாட்டாய் என்று மறுநேரம் தோன்றுகிறது.

போன் போடவில்லை. அதற்குப் பதிலாக முருகனிடம் நேர்ந்துகொண்டேன். எட்டும் நல்லபடியாக முடிந்தால் பங்குனி உத்திரத்தன்று நீ வெறுங்காலோடு மலை ஏறி அவன் முகத்தைப் பார்ப்பாய் என்று சொல்லியிருக்கிறேன். தைப்பூசத்துக்கு எங்கிருந்தெல்லாமோ நடந்து வருகிறார்கள். கால் முழுக்கக் கொப்புளத்தோடு கடையில் வந்து உட்கார்ந்து சோடா குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் தருகிறவன் உனக்குத் தரமாட்டானா?

முருகேஸ்வரி


பள்ளங்கி
23 மார்ச் 2025

அக்கா,

கடைசி ஊசியும் முடிந்தது. புவனா வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள். தேனிக்காரருக்குக் கொடுக்கலாம் என்று தேடினோம். போன மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். பேனாவைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்று தெரியவில்லை. தீக்குச்சி உரசினால் விரலோடு எரிகிறது, வாசம் வந்த பிறகுதான் உதறுகிறேன். கிளம்பும்போது ரம்யா நர்ஸ் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது: ஊசி நின்ற பிறகும் சில மாதம் மரத்துப்போவது கூடிக்கொண்டேதான் போகுமாம். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாதாம். குளிக்கிற தண்ணீரை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். தினமும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமாம். புவனா பார்க்கிறாள். என் முகத்தைக்கூட அவள் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

உத்திரத்துக்கு வருகிறேன். உன் நேர்த்தியை நான் கெடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறலாமா? செருப்பு இல்லையே, சாக்ஸ்தானே. கேட்டுச் சொல்.

பாண்டி


பழனி
31 மார்ச் 2025

பாண்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே அழுகையும் சிரிப்பும். எட்டையும் முடித்துவிட்டாய். உன் மாமா தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார்.

சாக்ஸ் எல்லாம் வேண்டாம். வெறுங்கால் என்று சொல்லி நேர்ந்தாயிற்று. அவனிடம் போய் அரைக்கால் என்று சொல்லச் சொல்கிறாயா? முந்தின நாளே வந்துவிடு. வெள்ளனே ஏறி, வெயில் வருவதற்குள் இறங்கிவிடலாம். கல் சுடாது. நான் உன் பின்னாலேயே வருகிறேன். நேரில் பார்த்தால் பேசிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். முந்திக்கொண்டு சிரிக்காதே.

முருகேஸ்வரி


பழனி
21 ஏப்ரல் 2025

பாண்டி,

நீ போனை எடுப்பதில்லை. புவனா எடுத்து, நீ தூங்குகிறாய் என்று சொல்கிறாள். பகல் பூராவும் யார் தூங்குவார்கள்? அதனால் மறுபடி இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

வெள்ளனேதான் கிளம்பினோம். அவ்வளவு கூட்டத்தை நான் நினைக்கவில்லை. அடிவாரத்திலேயே காவடிக்கு வழிவிட்டு நின்று நின்று, சன்னதிக்குள் போய் வெளியே வரும்போது உச்சிவெயில் ஆகிவிட்டது. மேலே பிராகாரத்தில் எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி நிழலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். நீ மட்டும் வெட்டவெளியில் நிதானமாக நடந்தாய். நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாய். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "அந்தண்ணனுக்கு மட்டும் முருகன் கல்லக் குளுர வச்சுட்டான் பாருங்க" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, பாண்டி. நான் அதை நம்பினேன். உன் கடிதங்களை எல்லாம் படித்தவள், எல்லாம் தெரிந்தவள், அந்த நேரத்தில் நம்பினேன். நிழலில் நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாதிப் படி இறங்கின பிறகு, "என்னக்கா, படி வழுக்குது" என்றாய். யாரோ தண்ணீர் கொட்டியிருப்பார்கள் என்று குனிந்து பார்த்தேன். உன் உள்ளங்கால் தோல் கழன்று தொங்கியது. நீ வைத்த ஒவ்வொரு படியும் ஈரமாக இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா அழுற?" என்று கேட்டாய்.

நேற்றுக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று மலை ஏறப் போனது. ஐந்து பேரும் சாக்ஸ் போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளையின் சாக்ஸில் பொம்மை படம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

என் மேல் கோபமா? கோபம் என்றாவது சொல்.

முருகேஸ்வரி


மதுரை
18 மே 2025

அக்கா,

புவனா எழுதுகிறாள். என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. அவள் எதையும் மென்மையாக்கி எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், எழுதியதை வாசிக்கச் சொல்லியும் கேட்பேன்.

கோபமா என்று கேட்டாய். ஆமாம். உன் மேல் கோபம். தேனிக்காரர் மேல் கோபம், அவர் செத்துப்போனதால் அதைக் காட்டவும் முடியவில்லை. எல்லாவற்றையும்விட என் மேல் கோபம். நர்ஸ் கேட்டபோதெல்லாம் பொய் சொன்ன இந்த வாயின் மேல் கோபம்.

புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, இப்போதுதான் இறங்கியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு அடுப்பு எண்ணெய் கொட்டிய கால். கட்டுப் பிரிக்கும்போது வார்டே அதிரும்படி கத்துகிறார். எனக்குப் பிரிக்கும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். நோய் இல்லையாம். பெரிய டாக்டர் வந்து கை கொடுத்தார். கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டார், எப்போதிருந்து மரத்துப்போகிறது என்று. உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அஞ்சாவது ஊசியிலயே சொல்லியிருந்தா அந்த ஊசி மருந்த மட்டும் நிறுத்திட்டு, கூடக் குடுத்த மாத்திரைய வச்சே முடிச்சிருப்போம். நெறைய பேருக்கு அப்படித்தான் செய்றோம். அப்பவும் நோய் போயிருக்கும்னுதான் நெனைக்கிறேன்" என்றார். நிச்சயமாகவா என்று கேட்டேன். நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்த மூன்று ஊசி என்னைக் காப்பாற்றியதா, காலை மட்டும் தின்றுவிட்டுப் போனதா என்று இனி ஒருநாளும் தெரியாது.

உணர்ச்சி திரும்ப வருமா என்றும் கேட்டேன். வந்தால் ஒரு வருஷத்துக்குள் கொஞ்சம் வரலாம் என்றார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்போதைக்கு வராதே.

செல்லப்பாண்டி

மதினி, இது நான் புவனா. அவரிடம் வாசிக்காமல் இதைச் சேர்க்கிறேன். உங்கள் போன் வரும்போதெல்லாம் அவர் தூங்குவதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நிறுத்திவிடாதீர்கள்.


பழனி
14 செப்டம்பர் 2025

பாண்டிக்கு,

புண் ஆறிவிட்டது என்று புவனா சொன்னாள். நடக்கிறாயாம், குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாயாம்.

உன் மாமா எங்கெங்கோ விசாரித்து எண்ணெய் வாங்கி வருகிறார். ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் நரம்புக்குக் கரண்ட் வைக்கிறாராம். பெரியகுளத்தில் ஒருவர் மூலிகை வைத்துக் கட்டுகிறாராம். முன்பு என்றால் நான் எல்லாரிடமும் உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது ஒன்றையும் எடுத்துக்கொடுக்கக் கை வரவில்லை. எண்ணெய்ப் பாட்டில் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. நான் உனக்கு நல்லது என்று ஒன்றைச் செய்துவிட்டேன், அது போதும்.

ஊரில் எல்லாரும் என்னிடம், தம்பி பிழைத்துக்கொண்டானாமே, முருகன் கைவிடவில்லை என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். நோய் போனவனுக்கு என்ன குறை என்று கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது? கடையைத் திறக்கிறேன், தேங்காய் பழம் விற்கிறேன், தட்டைக் கழுவுகிறேன். மலையை நிமிர்ந்து பார்த்து நாளாகிவிட்டது. அவனிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

நீ வண்டியில் ஏறிப் பார்த்தாயா? அதை மட்டும் எழுது. நல்லதாக இல்லாவிட்டாலும் எழுது.

முருகேஸ்வரி


பள்ளங்கி
25 ஜனவரி 2026

அக்கா,

நானே எழுதுகிறேன். பேனாவில் துணி சுற்றிப் பிடித்தால் எழுத வருகிறது. எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துக்கொள். உன் மேல் கோபம் இருந்தது. அது போய் வெகுநாள் ஆகிவிட்டது. சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

வண்டியில் ஏறிப் பார்த்தேன். தீபாவளி முடிந்த பிறகு ஒருநாள், புவனா பூண்டுக் காட்டுக்குப் போயிருந்தபோது, லோடு இல்லாத வண்டியை ஊர் மந்தை வரை ஓட்டினேன். ஓட்டினேன் என்றா சொல்வது? பிரேக் என்று நினைத்து எதை மிதித்தேனோ, வண்டி எகிறிப்போய்க் குடிதண்ணீர்த் தொட்டியில் முட்டியது. தொட்டிப் பக்கம் யாரும் இல்லை. காலையில் பெண்கள் வரிசையாக நிற்கிற இடம். நான் வண்டியை விட்டு இறங்கி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாவியைப் பழனிக்குமார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்டரிடம் போன மாதம் போனேன். ஊசி வைத்துக் குத்திப் பார்த்தார், சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தார். கையில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, காலில் இல்லை. இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னார். நோய் இன்னும் வரவில்லையாம். சந்தோஷமாக இருக்கச் சொன்னார்.

நான் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று புவனாவுக்குக் கவலை. இந்தத் தடவை பூண்டை விற்கக் கொண்டுபோகும்போது, "விக்கிற எடத்துல நீங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம். சும்மா கூட வாங்க" என்று வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். பழனிக்குமார் ஓட்டினான். அவள் நடுவில் உட்கார்ந்தாள், நான் கதவோரம். எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிச் செய்த கனத்த பூட்ஸ். அவளுக்கு வழக்கம்போல ரப்பர் செருப்பு.

பெருமாள்மலை தாண்டி இறங்க ஆரம்பித்ததும் எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது, அக்கா. எங்கே கியர் மாற்ற வேண்டும், எந்த வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இல்லை, எல்லாம் வரிசையாக வந்தது. சவரிக்காட்டுப் பக்கம் பனி. பழனிக்குமார் நன்றாகத்தான் ஓட்டினான், ஆனால் நான் மனதுக்குள் அவனுக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. கீழே போய்ப் புரோட்டா சாப்பிடலாம் என்று புவனாவிடம் சொன்னேன். சரிங்க என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது போல இருந்தது, குளிர் என்று நினைத்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் இறங்கினதும் அவள் நொண்டினாள். இடது கால் வீங்கி, பெருவிரல் நகம் கறுத்து, செருப்பு வாரில் ரத்தம் கசிந்திருந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். மூட்டை விழுந்தது என்றாள். நாங்கள் மூட்டையைத் தொடவே இல்லை. பழனிக்குமார் டயரைப் பார்க்கப் போவது போல அந்தப் பக்கம் போய்விட்டான்.

அப்போதுதான் என் வலது காலைப் பார்த்தேன். பூட்ஸ் விளிம்பில் அவள் ரத்தம்.

மலை முழுக்க ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக் மிதித்திருக்கிறேன். "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். அவள் குனிந்து செருப்பு வாரைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "பிரேக்கு புடிச்சுக்கிட்டே வந்தீங்க. மொகத்துல பழைய களை வந்துச்சு. சொன்னா அது போயிருமேங்க."

பூண்டை விற்றோம். நான் தரகுக் கடையில் உட்கார்ந்திருந்தேன், விலையை அவளே பேசினாள். மருந்துக்கடையில் கட்டுப் போட்டு அவளை வண்டியில் பழனிக்குமாரோடு அனுப்பிவிட்டேன். நான் பஸ்ஸில் வந்தேன். கூட்டமாகத்தான் இருந்தது. என் பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை.

பாண்டி